ஓடக்காரன் குடிசையில் மோட்டார் சத்தம்

கொரோனா அடங்கிய மறு வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு வாழைத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு கேரளத்தில் ஹோட்டல், திருப்பூரில் பனியன் கம்பெனி, அறுவடை மெஷினோடு ஆந்திரா என்று சுற்றியவன், எங்கும் நிலைத்ததில்லை. தோட்டத்து மோட்டார் ரூம்தான் அப்போது வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் போனில் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். படமோ துப்பாக்கியோ கிடையாது, எல்லாம் எழுத்துதான். ராஜா காலத்து ஊர் ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொண்டு, குழுவில் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வோம். நம் முறை வரும்போது நம்முடைய ஆள் என்ன செய்தான், என்ன பேசினான் என்று எழுத வேண்டும். அதிலிருந்து அடுத்தவர் தொடர்வார். நான் ஓடக்காரன்.

'முதிர்ச்சியும் நல்ல எழுத்தும் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று குழுவின் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். அதற்கேற்ப எழுதவும் செய்தார்கள். வைத்தியர் வேஷம் எடுத்தவரும் இளவரசி வேஷம் எடுத்தவரும் ஒரு மழையை மட்டுமே ஒரு பக்கத்துக்கு எழுதுவார்கள். நான் இரண்டு வரி எழுதிவிட்டு அவர்களை வாசித்துக்கொண்டு கிடப்பேன். சட்டங்களும் உண்டு. சொந்த விஷயத்தைக் கதைக்குள் கலக்கக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். முறை தவறினால் நம் ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எதற்கும் அடங்காத ஒருவன் இருந்தான், குதிரைக்காரன். "வந்தான். குதிரைக்குப் புல் போட்டான். தூங்கினான்." இவ்வளவுதான் அவன் எழுத்து. இளவரசி மூன்று பத்திக்கு அழுதால், கீழே "குதிரையும் அழுதது" என்று போடுவான். பள்ளிக்கூடத்துப் பொடியன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். 'தம்பி, வளர்ந்துவிட்டு வா' என்று அட்மின் ஒருமுறை எழுதினார். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டான்.

மழையில் தோட்டத்துக்குள் தண்ணீர் கட்டிவிட்டது. வாழை அழுகாமல் இருக்க, முழங்கால் தண்ணீரில் நின்று வடிகால் வெட்டினேன். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எனக்குப் புதிதில்லை, படுத்தால் போய்விடும் என்று படுத்தேன். தோட்டத்து முதலாளி தன் மகளின் கல்யாண வேலையில் இருந்தார். போனில் சொன்னேன், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கடை வரை நடக்க முடியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

ஒரு மத்தியானம், தேங்கிய தண்ணீரை இறைக்க மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் விழுந்தேன். போனில் அட்மின் அடைப்புக்குறிக்குள் எச்சரித்திருந்தார்: என் முறை வந்து நாளாகிவிட்டது, இன்று எழுதாவிட்டால் ஓடக்காரனை எடுத்துவிடுவார்களாம். இதையும் விட மனம் வரவில்லை. ஆனால் கதை கட்டத் தலை ஒத்துழைக்கவில்லை. எனக்கு நடந்துகொண்டிருந்ததையே ஓடக்காரன் பேரில் எழுதினேன்.

'ஓடக்காரன் குடிசையில் கிடக்கிறான். கெண்டைக்கால் சதையை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்குகிறார்கள். கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறது. மூத்திரம் கட்டன்காப்பி நிறத்தில் போகிறது. தண்ணீர்க் குடம் வாசலில் இருக்கிறது, வாசல் தூரத்தில் இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்த ஆளில்லை.'

பாராட்டு குவிந்தது. இளவரசி கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். இத்தனை நாள் இந்த எழுத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று வைத்தியர் கேட்டார். அருமை, ஆனால் நம் ராஜ்யத்தில் மோட்டார் கிடையாது, அதை மட்டும் நீக்கிவிடுங்கள் என்றார் அட்மின். உண்மையைச் சொன்னால், அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எழுதிய எதையும் அதுவரை ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

அப்போது குதிரைக்காரன், அடைப்புக்குறி இல்லாமல் கேட்டான்: "எந்த மோட்டார்லே?"

அட்மின் கண்டித்தார். அவன் மறுபடியும் எழுதினான்: "ஏலே ஓடக்காரா, நெசமாவே கெடக்கியா? எங்கன கெடக்க?"

கடைசி எச்சரிக்கை என்றார் அட்மின். நான் ஊரையும், செங்கல் சூளைக்கு அடுத்த வாழைத் தோட்டம் என்பதையும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. போன் கையிலிருந்து நழுவிவிட்டது.

பிறகு எனக்குத் தெரிந்தது மோட்டார் சத்தம் நின்றதுதான். கண்ணைத் திறந்தால் ஒரு ஆள் நனைந்துபோய் நின்றார். காக்கிச் சட்டை, தலை முழுக்க நரை. என் அப்பா இருந்திருந்தால் அந்த வயது இருக்கும்.

"குதிரைக்காரன் வந்திருக்கேன்லே, எந்தி" என்றார்.

நாங்குநேரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவராம். சாத்தான்குளத்துக் கருப்பட்டிச் சிப்பங்களை இறக்காமலே களக்காடு வழியாக வந்திருக்கிறார். என்னைத் தூக்கிச் சிப்பங்களுக்கு நடுவில் கிடத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். வழியில் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். எப்படி அண்ணாச்சி கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எந் தம்பியும் இப்படித்தாம்லே. வயத் தொளிச் சேத்துல நின்னுட்டு வந்து கால் வலிக்குன்னு படுத்தான். வேலைக்குப் போவ மாட்டாம நடிக்கான்னு நாங்க எல்லாரும் சொன்னோம்."

தார்ப்பாயை மூடிவிட்டார். அந்தத் தம்பிக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

எலிக்காய்ச்சல் என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். கிட்னி வரை போய்விட்டது. அண்ணாச்சியை என் அப்பா என்று நினைத்து, மகனை இவ்வளவு முற்றவிட்டா கொண்டுவருவீர்கள் என்று டாக்டர் திட்டினார். அவர் மறுத்துப் பேசவில்லை, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

எழுந்து உட்கார முடிந்ததும் போனைத் திறந்தேன். ஊர்ப் பெயரையும் கதையாகவே எடுத்துக்கொண்டு, அதற்குமேல் நான் பதில் எழுதாததால் ஓடக்காரனைச் சாகடித்திருந்தார்கள். வைத்தியர் மூலிகையோடு குடிசைக்கு வந்து, கையைப் பிடித்து நாடி பார்த்து, கண்ணீர் விட்டிருந்தார். இளவரசி ஆற்றங்கரையில் சிதை மூட்டி, ஓடத்தை ஆளில்லாமல் வெள்ளத்தில் தள்ளிவிட்டிருந்தார். அந்தக் குழுவில் நான் வாசித்ததிலேயே சிறந்த எழுத்து அதுதான். பார்க்க வந்திருந்த அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்தேன். கடைசி வரை வாசித்தார்.

"நல்லாத்தாம் எரிச்சிருக்கானுவ" என்றார்.

அதற்குக் கீழேதான் அவரைக் குழுவிலிருந்து நீக்கிய செய்தியும் இருந்தது. 'முதிர்ச்சியற்ற குறுக்கீடு' என்று காரணம் போட்டிருந்தார்கள். அங்கேயே, அடைப்புக்குறிக்குள், நடந்தது முழுவதையும் எழுதினேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், பொய்யில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் அவரைத் திரும்பச் சேர்க்கக் கேட்டபோது, அவர் எழுத்து நம் தரத்துக்கு வராதே என்றார் அட்மின்.

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது.

"சரி விடு. எனக்கு அம்புட்டுதான் எழுத வரும். லோடு கெடைக்காம ஸ்டாண்டுல கெடக்கும்போது அவுக எழுதுனத வாசிச்சா பொழுது தெரியாது, அதாம்."

பாரம் தூக்கும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இப்போது ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறேன். இதுவும் எத்தனை நாளோ. அந்தக் குழுவில் வேறு வேஷத்தில் இன்னும் இருக்கிறேன். அண்ணாச்சிக்கு அடுத்து என்ன நடந்தது என்று போனில் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், குதிரைக்கு இப்போது யார் புல் போடுகிறார்கள் என்று கேட்பார். யாரும் போடுவதில்லை. போடுகிறார்கள் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்கே யாராவது நோயையோ தனிமையையோ மனம் உருக எழுதினால் இன்றைக்கும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் அதற்குள் எங்காவது ஒரு மோட்டார் ஓடுகிறதா என்று தேடிப் பார்க்கிறேன், சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போடாமல் கேட்டும்விடுகிறேன், முதிர்ச்சி இல்லாதவன் என்ற பெயர் இப்போது எனக்கு வந்திருக்கிறது, அதை நான் மறுப்பதில்லை.