ஏப்ரல் மழையும் என்ர லைசன்சும்

காலமை நல்ல வெயில். விண்டர் முடிஞ்சுது, இனி வேலைக்குச் சைக்கிள்தான் எண்டு வெளிக்கிட்டன்.

லண்டன் மனோர் பார்க் தாண்டேக்க ஆலங்கட்டி மழை. விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. திரும்பிப் போவமோ எண்டு பஸ் ஸ்டாப்பில ஒதுங்கினன்.

அங்க கோயிலில காணுற அன்ரி ஒராள் குடையோட நிண்டா. என்னையும் சைக்கிளையும் கண்டதும் அவவின்ர முகம் வாடிப்போச்சு.

"தம்பி, பொலிஸ்காரர் லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்களே?"

"இல்லை அன்ரி. உடம்புக்கு நல்லமெண்டு சைக்கிள் ஓடுறன்."

"ஓம் ஓம். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பின்னேரம் வீட்டை வந்தால் மனுசி வாசலிலயே நிக்கிறா.

"குடிச்சிட்டே கார் ஓடினனீங்கள்? என்ர அம்மா கனடாவில இருந்து போன் எடுத்து அழுறா!"

நாளைக்கும் மழையாம். காரை எடுத்தால், லைசன்ஸ் இல்லாமல் ஓடுறான் எண்டுவினம்.

நனையாத கையுறை எங்க வாங்கலாம், ஆராவது சொல்லுங்கோ.