எலியோதோரோ மாமாவின் தட்டு

அத்தகாமா பாலைவனத்துத் தொலைநோக்கி நிலையத்தில், ராட்சத நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்வது எதுலியா கோல்கேயின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு வானத்தை வேடிக்கை பார்க்கிறாள் என்பது குடும்பத்தின் முடிவு. நாளைக்கு மழை வருமா என்று அவளைத்தான் கேட்பார்கள். அந்த எழவு அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஆட்டிறைச்சி சுட்டார்கள். எலியோதோரோ மாமா மேசை முன்னால் உட்கார்ந்து அரசாங்கம், கால்பந்து, மருமகன் என்று எல்லாரையும் கிழித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவளையும் வம்புக்கிழுத்தார்.

"உன் நட்சத்திரம் எப்படிடி அவ்ளோ குண்டாவுது?"

"உங்கள மாதிரிதான் மாமா. அது அடிக்கிற வெளிச்சமே சுத்தியிருக்கிற வாயுவைத் துரத்தி விட்டுடும். நியாயமா பட்டினிதான் கிடக்கணும். ஆனா இடுப்பைச் சுத்தி வாயு தட்டு மாதிரி சுழலுது. வெளிச்சம் மேலயும் கீழயும் தப்பிச்சுப் போயிடும். பக்கவாட்டுல, தட்டு வழியா தீனி வந்துகிட்டே இருக்கும்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கத்தலெல்லாம் தலைகளுக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஃப்ரெசியா அத்தை தலையைக் குனிந்தபடி விலா எலும்புகளை அவர் தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மேசையே அதிர எல்லாரும் சிரித்தார்கள். மாமா மெல்லுவதை நிறுத்தவில்லை. "சரி, கடைசில அது என்னாவும்?"

"பெருசுக்கெல்லாம் ஆயுசு கம்மி மாமா. சீக்கிரமே வெடிச்சிடும்."

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. "சீக்கிரம்னா எப்போ?"

"ஒரு முப்பது லட்சம் வருஷத்துல, அத்தை."

அத்தை பெருமூச்சு விட்டு, இன்னொரு எலும்பை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.