இலங்கை என்று எழுதிய அட்டை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளை அட்டை நிற்கிறது. கூடாரம்போல் மடித்தது. இரண்டு பக்கமும் கறுப்பு மார்க்கர் பேனாவில் 'இலங்கை' என்று எழுதியிருக்கும். நான் குமுளியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ டூர் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்று விட்டுவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் வந்தவர்களின் காபி ஆறிவிடும். இன்றைக்கு ஆறட்டும்.

அந்த அட்டைக்குப் பின்னால் நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ப்ளஸ் டூ படித்தபோது, கட்டப்பனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உலக நாடுகளின் சபையைப்போல ஒரு சபை நடத்தினார்கள். பல பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து, ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, போர், மனித உரிமை, அண்டை நாடு என்றெல்லாம் பேச வேண்டும். எந்தப் பள்ளிக்கு எந்த நாடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் டை கட்டிய பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டன. வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிற எங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் கடைசிச் சீட்டு. எங்கள் சார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாவுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றார்.

சந்தோஷமா? அன்று சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கின அப்பா, விஷயத்தைக் கேட்டதும் கைகால்கூடக் கழுவாமல் லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த பத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "எம்மக இலங்கைக்காகப் பேசப்போவுது" என்று. என்னவோ என்னைத் தூதராகவே போட்டுவிட்ட மாதிரி.

அப்பா பிறந்தது அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த நாடு குடியுரிமை தரவில்லை. அப்புறம் இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அப்பாவுக்குப் பதினொரு வயதாகும்போது தாத்தாவின் குடும்பம் இந்தியாவின் பங்கில் வந்துவிட்டது. ஏற்கெனவே கல்யாணமாகிப் போயிருந்த அக்கா, அதாவது என் அத்தை, இலங்கையின் பங்கில் நின்றுவிட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏறின அப்பா அதற்கப்புறம் அக்காவை நேரில் பார்க்கவே இல்லை.

அப்படி அனுப்பிவைத்த நாட்டின்மேல் ஒரு மனுஷனுக்குக் கோபம் வரவேண்டுமா இல்லையா? அப்பாவுக்கு வரவில்லை. பால் ஊற்றாத கட்டன் சாயாவை இன்றுவரை 'சாயத்தண்ணி' என்றுதான் சொல்கிறார். கடை ரொட்டி அவருக்குப் 'பாண்', தேயிலை ஃபாக்டரி 'இஸ்டோரு'. கிரிக்கெட் நடந்தால் லயமே இந்தியா பக்கம் இருக்கும், இவர் ஒற்றை ஆளாக எதிர்ப்பக்கம் கைதட்டுவார். "அம்புட்டு ஆசைன்னா நீந்திப் போய்ச் சேருங்க" என்பாள் அம்மா.

அதிலும் அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கைமேல் அப்பாவுக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். "சின்ன நாடுதான் பாப்பா. ஆனா பெரிய பெரிய நாட்டுக்காரனெல்லாம் வந்து கைகுடுத்துட்டுப் போவான். ஒருத்தன்கூடயும் பகை கெடையாது, ஒருத்தன் கால்லயும் விழறது கெடையாது. அதுக்குப் பேரு அணிசேராக் கொள்கை." குழாயடியில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சண்டை வந்தால்கூட, "நான் அணிசேரா நாடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சாயாக்கடைக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா அவரைத் திட்டியதைத் தொகுத்தால் ஒரு புத்தகம் வரும். அங்கே அப்போது நடந்துகொண்டிருந்த போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் இருண்டுவிடும். "அத நாட்டோட சேக்காத. அது ஆளுறவங்க பண்றது" என்று முடித்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குக் கடிதம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அது என் வேலை. "நாங்கள் அனைவரும் இங்கே நலமாக இருக்கிறோம். எங்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்" என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். அப்பா வாய் திறப்பதற்கு முன்பே அந்த இரண்டு வரியை எழுதி முடித்திருப்பேன். எங்கள் எஸ்டேட் மூடி அப்போது மூன்று வருஷம். ஃபாக்டரியின் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. தேயிலைச் செடியெல்லாம் மரமாக வளர்ந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போனார்கள். கடிதத்தில் மட்டும் எங்கள் எஸ்டேட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

சபைக்கு முந்தின இரண்டு வாரமும் வீட்டில் ஒரே அமர்க்களம். அப்பா பழைய செய்தித்தாளெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். எந்த மொழியில் பேசுவது என்று கேள்வி வந்தபோது, "தமிழும் அந்த நாட்டு ஆட்சிமொழிதான், யாரு கேக்க முடியும்?" என்று சாரிடமே போய் வாதாடி ஜெயித்துவிட்டு வந்தார். நான் அடுப்படியில் நின்று பேசிப் பழக, அப்பா சீனாவாகவும் பாகிஸ்தானாகவும் மாறி மாறிக் கேள்வி கேட்டார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாகிஸ்தானுக்குச் சோறு வேணுமா வேணாமா?" என்பாள். அந்த அடுப்படிக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். கையில் ஒன்றுமில்லாத அந்த நாட்களில் உலகம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

ஆனால் சார் எழுதித் தந்த தாள்களில் ஒன்றை மட்டும் நான் வீட்டில் எடுக்கவே இல்லை. 'தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பற்றிக் கேட்டால்' என்று தலைப்பு. கீழே நான்கு வரிப் பதில். அதைப் பையில் சோற்று டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்து, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவரைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். அப்பாவின் காதில் அது விழக்கூடாது. அது ஒன்றுதான் என் வேண்டுதல். அவருக்கு அன்றைக்கு வேலை இருந்தது. ஜீப்பைத் தவறவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதால் வரமாட்டார் என்று தைரியமாக இருந்தேன்.

கட்டப்பனையில் காலையில் நன்றாகத்தான் போயிற்று. எல்லாருக்கும் நண்பன், யாருக்கும் பகையில்லை என்று அப்பாவின் சரக்கை அப்படியே அவிழ்த்துவிட்டேன். சீனா தலையாட்டியது. நடுவராக இருந்த டீச்சர் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து நிமிர்ந்தால், ஹாலின் கடைசி வரிசையில் அப்பா. கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, வாயெல்லாம் பல். எனக்குக் கையை ஆட்டிக் காட்டுகிறார்.

அடுத்த பத்தாவது நிமிஷம் நார்வே எழுந்தது. நார்வே என்றால் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். என்னைவிட அழகாகப் பேசினாள். "தலைமுறைகளாக உங்கள் தோட்டங்களில் உழைத்த மக்களுக்குக் குடியுரிமை மறுத்தீர்கள். பண்டம் மாதிரி எண்ணிப் பிரித்து அண்டை நாட்டுக்கு அனுப்பினீர்கள். மனித உரிமை பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?" இந்தியாவாக உட்கார்ந்திருந்த பையன் மின்விசிறியைப் பார்த்தான். பங்கு வாங்கினவர்களில் அவனும் ஒருவனல்லவா?

பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம். சபையின் விதிப்படி 'நான்', 'என் அப்பா' என்றெல்லாம் சொல்லக்கூடாது, 'என் நாடு' என்றுதான் சொல்லலாம். தெரியாது என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பரிசு வேண்டியிருந்தது. டை கட்டின பிள்ளைகள் நடுவில் ரப்பர் செருப்போடு நின்ற எனக்கு அந்தப் பரிசு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னேன். "அது எங்கள் உள்நாட்டு விவகாரம். நட்பு நாட்டோடு பேசிச் சுமுகமாகத் தீர்த்துக்கொண்டோம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பி விண்ணப்பித்தவர்களே சென்றார்கள்."

தாளில் இருந்தது அவ்வளவுதான். இன்னும் அரை நிமிஷம் மிச்சமிருந்தது. நார்வே மறுபடி வாய் திறக்கப் பார்த்தாள். நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "சென்றவர்கள் அனைவரும் அங்கே நலமாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அவர்களே எழுதிய கடிதங்கள் எங்கள் நாட்டில் இருக்கின்றன."

அப்படி ஒரு கைதட்டல். நார்வே உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிறந்த பேச்சாளர் பரிசு எனக்குத்தான். எல்லாரும் கலைந்தபோது அப்பா மேடைப் பக்கம் வந்து, நடத்தினவர்களிடம் கேட்டு, என் மேசையிலிருந்த அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார். குமுளி ஸ்டாண்டில் எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். காலையில் சீனா தலையாட்டியதை நான் சொல்லக் கேட்டுச் சிரித்தார். வண்டிப்பெரியார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதும் நார்வே பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டை மடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் எஸ்டேட்டைப்போலவே மூடிக்கிடந்த இன்னொரு எஸ்டேட் போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் கடைசியில சொன்னது, சாரு எழுதிக் குடுத்ததா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நானாச் சொன்னது."

"ம்."

"கோவமாப்பா?"

"ஒம்மேல என்ன கோவம்?" அட்டையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "எங்கள அனுப்புனவங்க மேலயும் இல்ல பாப்பா. நாங்க நல்லாருக்கோம்னு அவங்களுக்கு யாரு சொன்னா? நாந்தான வருசம் பூரா எழுதிக் குடுத்திருக்கேன்."

எனக்கு அந்த இடத்திலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது. பரிசுக் கோப்பையைக் காலுக்கடியில் தள்ளி வைத்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மூக்குதான் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா தன் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியால் துடைத்துவிட்டார். கல்யாணச் சட்டை என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து வைத்தார். வழக்கம்போல் கை தானாக முதல் இரண்டு வரியை எழுதிவிட்டது. "அத அடி" என்றார் அப்பா. அடித்தேன். "வேண்டாம், வேற தாள் எடு" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். எஸ்டேட் மூடி மூன்று வருஷம் ஆகிறது. வீடு ஒழுகுகிறது. உன் தம்பி பெண்டாட்டியோடு ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகிறான். நம் அம்மா சாகும்போது நிம்மதியாகத்தான் போனாள் என்று அப்போது எழுதினேன், அது பொய். மூன்று நாள் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். இதை ஏன் எழுதவில்லை என்றால், அங்கே நீ ஒற்றை ஆளாக அழுவாய் என்றுதான். அடுப்படியில் என் அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

இப்போது அப்பாவும் அத்தையும் செல்போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் பெட்ரோலுக்கும் சமையல் கேஸுக்கும் அந்த நாடே திண்டாடிக்கொண்டிருந்த சமயம், "இங்க எல்லாம் நல்லம்" என்று அத்தை இழுத்தார். அப்பா போனுக்குள்ளேயே போய்விடுவதுபோல் கத்தினார். "சும்மா சொல்லாதக்கா. கேஸ் இருக்கா இல்லியா, அதச் சொல்லு." இல்லை என்றார் அத்தை. இருவருக்கும் நடுவில் அப்படி ஓர் உடன்படிக்கை. இதுவரை ஒருவரும் மீறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்பின கடிதத்துக்கு ஒன்றரை மாதம் கழித்து அத்தையின் பதில் வந்தது. அது அந்த அட்டையின் மடிப்புக்குள்தான் இருக்கிறது, மடித்த இடம் கிழியத் தொடங்கிவிட்டது. நலம், நலமறிய ஆவல் எதுவும் அதில் இல்லை. எடுத்த எடுப்பில் அத்தை எழுதியிருந்தார்: "தம்பி, இவ்வளவு காலமும் உன்ட கடுதாசி வந்திச்சு. இந்தத் தடவைதான்டா நீ வந்திருக்க."