ராவ் மா ஊரில் வல்லாரை மாத்திரை

ஞாபக சக்திக்கு மருந்து விற்பவன் யார் பெயரையும் மறக்கக் கூடாது. மறந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. கடை கடையாக ஏறி இறங்கும் என் இனத்தாருக்கு இந்த அவஸ்தையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வியட்நாமில், சைகோனில் வல்லாரைச் சாற்று மாத்திரை விற்றேன். ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று சென்னைத் தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கிளை என்பது நான் ஒருவன்தான்.

இலையைக் காட்டி மாட்டிக்கொண்டேன்

டிஸ்ட்ரிக்ட் 1-ல் மருந்துக் கடை வைத்திருந்த லான் அம்மாளிடம் போனேன். மொழிபெயர்க்கக் காதர் பாய் வந்தார். பூர்விகம் காரைக்கால், அதே தெருவில் சாப்பாட்டுக் கடை. இரும்பு துருப்பிடிப்பதுபோல மூளையும் தேய்கிறது, அதை இந்தச் சாறு தடுக்குமா என்று ஆராய்ச்சி நடக்கிறது என்றெல்லாம் மூச்சு விடாமல் பேசினேன். அம்மாள் இலையின் படத்தைக் கேட்டார். காட்டினேன். உடனே என்னை வாசலுக்கு அழைத்துப்போய், எதிரே நின்ற தள்ளுவண்டியைக் காட்டினார். அதே வல்லாரையை அரைத்து, சர்க்கரையும் ஐஸும் போட்டு, 'ராவ் மா' என்று டம்ளர் டம்ளராக விற்றுக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

"வெயிலுக்கு என் வீட்டுக்காரர் தினமும் இதைத்தான் குடிக்கிறார். அப்படியும் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெருத்தெருவாகத் தேடுகிறார்" என்றார் அம்மாள்.

விற்க வந்தவன்

அடுத்த மாதம் அவரே கூப்பிட்டு அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து வரும் மகளை அழைக்க டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் போன வீட்டுக்காரர், அங்கே காபி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிவிட்டாராம். பயந்துபோயிருந்தார் அம்மாள். இந்த மாத்திரை அவரைப் பழையபடி ஆக்கும் என்றால் கடைக்கே மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

'ஆக்கும்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அப்படி என்னால் சொல்ல முடியாது, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள் என்றேன். அதை மொழிபெயர்ப்பதற்கு முன் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நீங்க விக்க வந்தியளா, கெடுக்க வந்தியளா?"

அலமாரியில் இருந்த மறதி

ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பாய் வந்து கையோடு இழுத்துப் போனார். லான் அம்மாளின் கடைக் கல்லாவில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தும்மலுக்கும் தூக்கத்துக்குமாக, மனைவியின் கடையிலிருந்தே அவர் அன்றாடம் எடுத்துப் போட்டுக்கொண்ட மாத்திரைதான் மறதிக்குக் காரணமாம். டாக்டர் அதை நிறுத்தியதும் ஆள் தெளிந்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்டியைக்கூட மறந்துவிட்டேன்.

லான் அம்மாள் ஆர்டரைச் சொல்லிவிட்டுக் காரணமும் சொன்னார்: "இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். அவர்களுக்கு ராவ் மாவை டம்ளரில் அனுப்ப முடியாது. பொய் சொல்லாதவன் மாத்திரையை அனுப்பலாம்."

ஆக, ஞாபக மருந்து வியாபாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர், என் மருந்தைத் தொடாமலே குணமானவரின் புண்ணியத்தில் வந்தது.