என் கண்ணைத் தடவிப் பார்த்த அமீபா

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பது என் வேலை. தூசி உறுத்தினால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி மாட்டிக்கொள்வேன்.

ஒருநாள் விளக்குகளெல்லாம் பனிக்குள் நிலாவாக மிதந்தன. அதை ரசித்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாடி, கண்ணு இப்டி செவந்திருக்கு?" என்று பக்கத்து மேஜை நஸ்ரீன் பதறி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"தண்ணியில இருந்த அமீபாம்மா," என்றார் டாக்டர். "லென்ஸ் கீறின எடத்துல ஒருவகை சர்க்கரை ஜாஸ்தியா இருக்கும். அதைத் தொட்டு அடையாளம் கண்டு ஒட்டிக்கும். அப்புறம் செல்லைக் கொன்னு உள்ள போவும்."

கண்ணே இல்லாத உயிர், நான் தோலைத் தடவுவதுபோல என் கண்ணைத் தடவித் தேர்ந்தெடுத்திருக்கிறது!

மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டதில் பார்வை மீண்டது. இப்போது மூக்குக்கண்ணாடிதான். ஆனால், நல்ல தோல் விரலில் வழவழவென்று பட்டதும் கை ஒரு நொடி கூசி நிற்கிறது.