ஷியா பட்டரும் முருங்கை இலையும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஷியா பட்டரை நெய்யாகக் காய்ச்சினார்கள். முருங்கை இலை போட்டு!

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். பக்கத்து வீட்டில் நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஷியா பட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு... ஆப்பிரிக்காவில் ஒரு மரத்துக் கொட்டையை வறுத்து, அரைத்து, கடைந்து எடுக்கும் கொழுப்பு. பார்க்க அசல் வெண்ணெய். ஆனால் பாலுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. வறண்ட தோலுக்கும் ஜீவனில்லாத முடிக்கும் அதைப்போல வராது என்கிறார்கள். மயிலாப்பூர் மாமிக்கு ஆப்பிரிக்க வெண்ணெய் எதற்கு? எனக்கில்லை, என் கணவருக்கு.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் அடையாறில் டயாலிசிஸ். ஊசி, பத்தியம், அளந்து குடிக்கும் தண்ணீர் — எல்லாவற்றையும் மனுஷர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அரிப்பு. முதுகு, முழங்கை, மண்டை... சொறிந்து சொறிந்து ரத்தம். சீப்பு, விசிறிக் காம்பு, தோசைத் திருப்பி — முதுகு சொறிய எங்கள் வீட்டில் உபயோகப்படாத சாமானே இல்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாற்றிக் கொடுத்தார். கடைசியில், "சில பேருக்கு இப்படித்தாம்மா. தோல் வறண்டு போகாம பாத்துக்கோங்க. சொறிய மட்டும் விடாதீங்க" என்றார். சொல்லிவிட்டார்! ஒரு கொசு கடித்தால் நம்மால் சும்மா இருக்க முடிகிறதா?

அப்போதுதான் என் அக்கா பெண் ஆப்பிரிக்காவிலிருந்து லீவில் வந்தாள். அவள் கணவனுக்குக் கானா நாட்டில் வேலை. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஷியா பட்டர் கொண்டுவந்திருந்தாள். சென்ட், கலர் எதுவும் சேர்க்காதது.

"சித்தி, குளிச்ச உடனே, ஈரம் முழுக்கக் காயறதுக்குள்ள தடவணும். கொஞ்சமா எடுத்து உள்ளங்கைல தேய்ச்சா உருகிடும். தலைக்குத் துளியூண்டு போறும். ஜாஸ்தியானா ஷாம்பூவுக்கும் அடங்காது."

தடவினேன். கட்டிலில் கவிழ்ந்து படுத்தவர் அசையவில்லை. சொறியவில்லை! முதுகு, கை, கால் எல்லாம் முடித்து, மண்டையில் மிச்சமிருக்கும் நாலு முடிக்கும் தடவிவிட்டு, பயந்துகொண்டே கேட்டேன்.

"ஏன்னா, தேவலையா?"

"தேவலை."

அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். அதற்கப்புறம் தினமும் அதே கதை. நான் தடவுவேன், அவர் அசையாமல் படுத்திருப்பார், கேட்டால் தேவலை என்பார். நானும் மனுஷியாகத் தூங்க ஆரம்பித்தேன். கோயில் பிராகாரத்தில் எதிர்ப்பட்டவர்களிடம்கூட ஷியா பட்டர் புராணம்தான்.

சென்னை வெயிலில் அதை வெளியே வைத்தால் எண்ணெயாகிவிடும். ஆகவே ஃப்ரிட்ஜ். நம் வீடுகளில் எந்தச் சாமானாவது வந்த டப்பாவிலேயே இருந்திருக்கிறதா? எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்றி வைத்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

ஞாயிறன்று வடபழனியிலிருந்து நாத்தனார் லலிதா வந்தாள். இவருடைய தங்கை. அண்ணாவைப் பார்க்க வந்தால் சும்மா உட்கார மாட்டாள், அடுப்படியில் எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்வாள். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினால், வீடெல்லாம் கருகல் வாடை. லலிதா வாணலியும் கரண்டியுமாக நிற்கிறாள்.

"மன்னி, என்ன வெண்ணெய் இது? அப்போலேர்ந்து காய்ச்சிண்டிருக்கேன், சடசடங்கவே மாட்டேங்கறது! முருங்கையிலை போட்டேன், அதுவும் கருகிப் போச்சு!"

எப்படிச் சடசடக்கும்? வெண்ணெயில் தண்ணீர் இருக்கும், அது சுண்டும்போது சத்தம் வரும். இதில் ஏது தண்ணீர்? சத்தம் வந்து அடங்கினால்தானே நெய்யை இறக்க வேண்டும் என்று அவள் பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறாள். சம்படம் காலி.

நான் கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பாவம், அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணாவோட மருந்துன்னு நேக்குத் தெரியாதே மன்னி..." என்று அழுதாள். ஒரு வாய் காப்பி குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்து தி.நகர் முழுக்க அலைந்தேன். கடைக்குக் கடை, "ஹண்ட்ரட் பர்சன்ட் நேச்சுரல் மேம்!" டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் சென்ட், கலர், வாயில் நுழையாத ரசாயனங்கள். ஷியா எங்கேயோ வாலில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. சென்ட் பட்டால் அவர் தோல் தீயாய் எரியும்.

ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாமா, கடை கடையா ஏறி எறங்கிக்கினு கீற... இன்னாதான் வோணும்?"

"அரிப்புக்குத் தடவ ஒண்ணு தேடறேன்ப்பா."

"அதுக்கா இம்மாம் அலைச்சலு? வேப்பலைய அரைச்சுப் பூசு. சரியாப் பூடும்."

ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்?

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, அவர் எதிரிலேயே உடைந்துபோனேன். "உங்களுக்கு ஒத்துண்ட ஒரே வஸ்து, அதுவும் போச்சே! அக்கா பொண்ணு மறுபடி லீவுல வரவரைக்கும் நான் என்னன்னா பண்ணுவேன்?"

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"லலிதாவுக்கு ஃபோன் பண்ணி, பரவாயில்லைன்னு சொல்லு. அந்த வெண்ணெய்க்கு அரிப்பு கேக்கவே இல்லைடி."

"என்ன சொல்றேள்?"

"தோல் மெத்துனு ஆச்சு, வாஸ்தவம். அரிப்பு உள்ளேர்ந்துன்னா வரது? நீ தடவறச்சே பல்லைக் கடிச்சுண்டு கெடப்பேன். நீ அந்தண்ட போனதும் சொறிஞ்சுப்பேன்."

"அப்புறம் ஏன் தேவலைன்னேள்?"

"நீ கேட்டியே."

தினம் தினம், நான் தூங்குவதற்காக, அந்த மனுஷர் அசையாமல் கிடந்திருக்கிறார்!

யோசித்துப் பாருங்கள். உடம்புக்கு முடியாதவர்களிடம் "தேவலையா?" என்று கேட்கிறோமே, அது கேள்வியா? 'இல்லை' என்று சொல்லிவிடாதே என்கிற கெஞ்சல். அவர்களுக்கும் அது தெரியும். தங்கள் உடம்பு படுத்துகிற பாடு போதாதென்று, நம்மையும் அவர்கள்தான் தேற்ற வேண்டியிருக்கிறது. என்ன கொடுமை இது...

தோல் வறட்சிதான் உங்கள் தொல்லை என்றால், ஷியா பட்டர் நல்ல பொருள். தாராளமாகத் தடவுங்கள். எங்கள் வீட்டு அரிப்புக்கு மருந்து இல்லை. டாக்டர் அன்றைக்கே சொன்னார், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. லலிதாவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தாள். இரண்டு பேருமே சரியாகப் பேசவில்லை.

இன்று காலை குளித்துவிட்டு வந்தவரிடம் தேவலையா என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கேன்னா அரிக்கறது?" என்றேன்.

"எல்லா எடத்துலயும்டி" என்றார்.