சீலண்ணை வேண்டாமென்ற முப்பது

செய்தி வந்த காலையில் நான் மொண்டெல்லோக் கடற்கரையில், வேலை செய்யும் உணவகத்தின் பின்பக்கத்தில், நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, எனக்குத் தொலைபேசி என்றார். மறுமுனையில் ராசன். சீலண்ணையோடு ஒரே வீட்டில் இருந்தவர்.

“அன்ரன், சீலண்ணை பஸ்ஸுக்கை விழுந்திட்டார்.”

“எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவைப்படேல்லை.”

அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் முதலில் கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லையாக்கும் என்று நினைத்து, “சரி, பின்னேரம் வாறன்” என்றுகூடச் சொன்னேன். ராசன் மறுமுனையில் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. முப்பத்து மூன்று வயது மனிதரின் இதயம் இப்படி நின்றுபோகும் என்று யார் நினைப்பார்கள்?

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டபோது, என்னைவிட நீண்ட காலம் அவரோடு பழகியவர்கள் எழுதட்டும் என்று மறுத்தேன். பிறகு யோசித்தேன். அவரால் மறக்க முடியாமல் போன ஒரு சம்பவத்தில் அவரோடு நின்றவன் நான் மட்டுந்தான். அதை நானே சொல்லாவிட்டால், வேறு யாரோ அரைகுறையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

உங்களில் பலருக்குச் சத்தியசீலனை, எங்கள் சீலண்ணையை, தெரியும். பலெர்மோவில் வீட்டு வேலையும் கோப்பை கழுவும் வேலையுமாக இருந்த எங்களுக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். சுற்றுலாவும் விடுதி முகாமைத்துவமும் படித்தார். காலையில் லிபெர்த்தாத் தெருவில் ஓர் இத்தாலிய சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டு, கழுத்துப்பட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? “ஹொட்டேல் வேலைக்கும் ஒரு படிப்போ? நாங்கள் படிக்காமலே செய்யிறம்” என்று பகிடி பண்ணுவார்கள். அவர் கோபப்பட்டதில்லை. “கோப்பை கழுவிறது வேலை. வந்தவன் திரும்பவும் வாற மாதிரிச் செய்யிறதுதான் படிப்பு” என்பார். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் சின்னதாக ஒரு விடுதி கட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. சண்டை நடக்கும் ஊரில் யார் வந்து தங்கப்போகிறார்கள் என்று கேட்டால், “சண்டை முடிய எல்லாரும் பார்க்க வருவினம். அப்ப எங்கை படுப்பினம்?” என்று திருப்பிக் கேட்பார்.

நான் பலெர்மோவுக்கு வந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசி மாதத்தில். என்னிடம் இருந்தது ஒரு பையும் ஒரு விலாசமும். விலாசத்தைத் தந்தவர் என் மச்சான் மரியதாஸ். ரயிலால் இறங்கி, மழைக்குள் விசாரித்து விசாரித்துப் போய், சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கதவைத் தட்டினேன். திறந்தவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையில் ஒரு புத்தகம். அதில் விரலை வைத்துப் பக்கத்தைப் பிடித்திருந்தார்.

“ஆர்?”

“அன்ரன். மன்னார். மரியதாஸின்ரை மச்சான்.”

“மரியதாஸ் போன மாசமே மிலானோவுக்குப் போட்டாரே. உமக்குச் சொல்லேல்லையோ?”

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் வடிந்து வாசலில் தேங்கியிருந்தது.

“தம்பி, குறை நினைக்காதையும். இஞ்சை ரண்டு அறைக்குள்ளை ஒன்பது பேர் இருக்கிறம். நேற்றுத்தான் வீட்டுக்காரன் வந்து கத்தினவன். இன்னொராளைக் கண்டால் எல்லாரையும் வெளியிலை விடுவனாம்.”

“பையை மட்டும் வைச்சிட்டுப் போகட்டோ?”

“எனக்கு இப்ப யூனிவசிற்றியிலை சோதினை. நான் பூட்டிக்கொண்டு போகவேணும். பின்னேரம் மாதா கோயிலடியிலை போய்ப் பாரும். எங்கடை ஆக்கள் ஆரும் நிப்பினம்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். ஒன்பது பேர் தெருவுக்கு வருவதா, ஒருவன் தெருவில் நிற்பதா? அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கோயிலுக்குப் போகும் பஸ் என்று நினைத்து நான் ஏறிய பஸ் மொண்டெல்லோவுக்குப் போனது. வரும்போதே காய்ச்சல். இருக்கையில் கண்ணை மூடியவன், கடைசித் தரிப்பிடத்தில் சாரதி தட்டியெழுப்ப இறங்கினேன். பஸ் திரும்பிப் போன பிறகுதான் பை அதற்குள் என்பது நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் மொண்டெல்லோவில் ஒரு குருவியும் இராது. மூடிக்கிடந்த ஓர் உணவகத்தின் தாழ்வாரத்தில் போய்ச் சுருண்டேன். கோடைக்கு முன் கதிரைகளுக்கு வர்ணம் பூசவென்று மத்தியானம் வந்த முதலாளியம்மா என்னைக் கண்டு, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் அவரிடந்தான் வேலை செய்கிறேன்.

நியூமோனியா. நான் சொல்வது அங்கே யாருக்கும் புரியவில்லை. தாதி ஒருத்தி பங்குக் குருவானவரைக் கேட்க, அவர் தமிழும் இத்தாலியனும் நன்றாகத் தெரிந்த ஒரு மாணவனை அனுப்பினார். சீலண்ணைதான். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றவரை நான் அடையாளம் காணவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டார். காய்ச்சலில் நான் பிதற்றிக்கொண்டிருந்தேனாம். என்ன சொல்கிறான் என்று தாதி கேட்டிருக்கிறாள். அவர் மொழிபெயர்த்திருக்கிறார்: “பை எங்கே என்று கேட்கிறான். அதற்குள் தம்பி இருக்கிறானாம்.” தாதி பயந்து சிலுவை போட்டாளாம். பைக்குள் இருந்தது கடலில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்த என் தம்பியின் படம். எங்கள் குடும்பத்திடம் இருந்த அவனுடைய ஒரே படம். இதைப் பிறகு நான் சுயநினைவோடு அவருக்குச் சொன்னபோது, அவர் எழுந்து போய் யன்னலடியில் வெகுநேரம் நின்றார்.

பையைத் தேடி அவர் பஸ் நிலையங்களில் அலைந்தார். கிடைக்கவில்லை. என்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்த இரண்டு அறை வீட்டுக்குக் கூட்டிவந்து தன் கட்டிலைத் தந்தார். வீட்டுக்காரன் வந்து கத்தினான். சீலண்ணை அவனைப் படிக்கட்டில் மறித்து, தன் படிப்பில் கற்ற மரியாதை முழுவதையும் பயன்படுத்திக் கதைத்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. அவன் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அன்றைக்குக் காலையில் இதைச் செய்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

அவர் பரீட்சையில் நடந்தது எனக்குத் தெரியவர இன்னும் சில மாதங்கள் எடுத்தன. அவருடைய மாணவர் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாமல் போய்விட்டது. அந்த வருடத்துக்கு வேண்டிய பரீட்சைகள் சித்தியாகவில்லை. பல்கலைக்கழகப் படிப்பு நின்றது. நன்றாகப் படிக்கிறவருக்கு எப்படி இது நடந்தது என்று ராசனைக் கேட்டேன். ராசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “உமக்குத் தெரியாதோ?”

இங்கே பரீட்சைகள் பெரும்பாலும் வாய்மொழியாகத்தான். பேராசிரியர் மேசைக்கு அந்தப் பக்கம், மாணவர் இந்தப் பக்கம், பின்னால் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். முப்பதுதான் ஆகக்கூடிய புள்ளி. கிடைத்த புள்ளி பிடிக்காவிட்டால் மாணவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பிறகு மறுபடியும் வரலாம். ராசன் சொன்னபடி, என்னை அனுப்பிவிட்டுப் போன அன்றைக்குப் பேராசிரியை சீலண்ணையிடம் கேட்ட கடைசிக் கேள்வி இது: ஒருவர் தூரத்திலிருந்து வருகிறார், தனக்கு இடம் சொல்லியிருப்பதாக நம்பி வருகிறார், விடுதியில் ஓர் அறையும் இல்லை, என்ன செய்வீர்கள்?

படித்த பதில் அவருக்கு நுனிநாக்கில் இருந்தது. முதலில் உள்ளே கூப்பிட்டு இருத்தவேண்டும். பையை வாங்கி வைக்கவேண்டும். குடிக்க ஏதாவது கொடுக்கவேண்டும். அதன் பிறகுதான் இடமில்லை என்று சொல்லவேண்டும். வேறு இடம் பிடித்துக் கொடுத்து, வாகனச் செலவையும் விடுதியே ஏற்கவேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பேராசிரியை முப்பது என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தபோது, வேண்டாம் என்றார்.

நான் நேரே அவரிடமே போய்க் கேட்டேன். அவர் சிஞ்ஞோராவின் மேசைத் துணிகளை மின்னழுத்தியால் அழுத்திக்கொண்டிருந்தார். அப்போது அவர் முழுநேரமும் அங்கேதான் வேலை.

“ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?”

“அவவும் அதைத்தான் கேட்டவ. முப்பதை வேண்டாமெண்டு சொன்ன பிள்ளையைத் தான் காணேல்லையாம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இப்பிடிச் செய்வன் எண்டு சொன்னது பொய், காலமை நான் அப்பிடிச் செய்யேல்லை எண்டு சொன்னன். சோதினை தெரிஞ்சதுக்குத்தான், செய்ததுக்கில்லை எண்டு சொன்னவ. நான் எழும்பி வந்திட்டன்.” அழுத்திக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் போட்டார். “பிறகு உம்மையும் உம்மடை பையையும் தேடித் திரிஞ்சதிலை மற்றச் சோதினைக்கும் போகேல்லை. அது என்ரை பிழை. அதுக்கும் உமக்கும் சம்பந்தமில்லை.”

சம்பந்தமில்லை என்று அவர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்துதான் எனக்கு வருத்தம் பிடித்தது. ஒரு கதவைத் தட்டியது தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. என்றாலும் அந்தக் கதவை நான் தட்டியிராவிட்டால், அவர் முப்பதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். இதை நான் எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது? ஒருமுறை சொன்னேன். குருவானவர் இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஆக, எங்கள் சினேகிதம் இரண்டு குற்றவாளிகளின் சினேகிதம். அவர் என்னை ஒருநாளும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கடைசிவரை ‘நீர்’தான். உணவகத்துக்கு வந்தால் நான் கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிடமாட்டார், எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

“நீங்கள் கதவைச் சாத்தினபடியாலைதான் எனக்கு இந்த வேலை கிடைச்சது. திறந்திருந்தால் இண்டைக்கும் பத்தாவது ஆளாய் அங்கை கிடந்திருப்பன். விளங்குதோ?”

“அது உமக்கு நடந்த நன்மை. நான் செய்ததில்லை” என்றார் சீலண்ணை, சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபடி.

அனுமதியில்லாமல் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்து, சிஞ்ஞோராவின் தயவில் அவருக்கு வேலை பெர்மெஸ்ஸோ கிடைத்தபோது, நான் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் மறுபடி பதியவைத்தேன். அந்தப் பரீட்சையை அவர் திரும்ப எடுத்த நாளில் பின்வரிசையில் இருந்து கேட்டேன். அதே பேராசிரியை. காலைச் சாப்பாட்டின் செலவைக் கணிப்பது பற்றிக் கேட்டார். சீலண்ணை தடுமாறினார், வியர்த்தார், ஒரு பெருக்கலில் பிழைவிட்டுத் திருத்தினார். இருபத்து நான்கு என்றார் பேராசிரியை, பேனையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. சீலண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். வெளியே வந்து, நடைபாதையில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இருபத்தி நாலு! காணும், அன்ரன். எனக்கு இது போதும்.” அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவர் இறக்கும்போது இரண்டு பரீட்சைகளும் ஆய்வுக் கட்டுரையும் மிச்சம். அடக்கம் செய்த இடத்தில் ஒருவர், என்னை அறியாதவர், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “அண்டைக்கு அந்த முப்பதை வாங்கியிருந்தால், இவ்வளவுக்கு ஒரு நல்ல ஹொட்டேலிலை இருந்திருப்பார். இப்பிடி வீட்டு வேலையும் படிப்புமாய் ஓடிச் செத்திருக்கமாட்டார்.” நான் சற்று விலகிப்போய் நின்றேன். அவரைத் தகனம் செய்ய வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். இங்கே எங்களால் அதை ஒழுங்குசெய்ய முடியவில்லை. ஊருக்கு அனுப்பவும் வழியிருக்கவில்லை. அதையும் நீங்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஊரில் தொலைபேசி இல்லாததால் அவருடைய அம்மாவை வவுனியாவுக்கு வரச்சொல்லி, அங்கே ஒரு கடையின் தொலைபேசியில் கதைத்தேன். அழுது ஓய்ந்த குரல்.

“மோனை, சாகேக்கை அவன் தனியவோ இருந்தவன்?”

ராசன் பொலிசாரிடம் விசாரித்து வந்து சொன்னதைத்தான் சொன்னேன். “இல்லை அம்மா. பஸ்ஸிலை ஒரு வயசான பொம்பிளை அவரைத் தன்ரை மடியிலை கிடத்தி வைச்சிருந்தவவாம். கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதோ செபம் சொன்னவவாம்.”

“தமிழ்ப் பொம்பிளையோ?”

“இல்லை அம்மா. இஞ்சத்தைப் பொம்பிளை.”

“அவவைக் கண்டு, என்ரை பிள்ளையை வைச்சிருந்ததுக்கு நான் கும்பிட்டனான் எண்டு சொல்லு” என்றார். சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பெண்ணின் பெயரைப் பொலிசார் எழுதி வைக்கவில்லை. கறுப்புடை உடுத்தியவர், கையில் காய்கறிப் பை இருந்தது, லிபெர்த்தா பக்கம் இறங்கிப் போனார், அவ்வளவுதான் தெரியும். வேலைக்குப் போகுமுன் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கிறேன். காலையில் அதில் வரும் அம்மாமார் எல்லோரும் கறுப்புத்தான் உடுத்தியிருக்கிறார்கள். சிலரிடம் கேட்டும் பார்த்தேன். ஒருத்தி, நான் இல்லை மகனே, நானாக இருந்திருக்கலாம் என்றாள்.

சீலண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய அம்மாவின் இந்தச் செய்திதான். லிபெர்த்தாவில் வீடுகளில் வேலை செய்யும் நீங்கள் உங்கள் சிஞ்ஞோராக்களிடம் கேட்டுப் பாருங்கள். யாருக்காவது அந்த அம்மாவைத் தெரிந்தால், மொண்டெல்லோவில் அன்ரனிடம் சொல்லுங்கள். எந்த நேரமென்றாலும் வருவேன்.